வலது முன்மூலை

எந்த வீட்டுக்குப் போனாலும் என் சின்னம்மா பழனியம்மாள் உடனே உட்கார மாட்டாள். வீட்டுக்காரர்கள் "உட்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வலது கை நாற்காலியின் மேல் போயிருக்கும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து முன்னிருந்து பின்னாக ஒரு சாண், இரண்டு சாண், மிச்சத்துக்கு விரல்கள். பிறகு புறங்கையால் நடுவில் ஓர் அழுத்து. இத்தனையும் செய்துவிட்டுப் பெரும்பாலும் தரையில்தான் உட்காருவாள். பேருந்து இருக்கையில் இப்படிச் செய்வாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் செய்வாள். என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று முதல்வர் அறைக்கு வெளியே கிடந்த பிரம்பு நாற்காலியையும் விடவில்லை. நான் கூசிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பதினாறு அங்குலந்தான் கண்ணு இருக்குது. சாஞ்சு உக்காந்தா பாதித் தொடை அந்தரத்துல நிக்கும்" என்றாள், உள்ளே இருந்தவருக்கும் கேட்கும்படி.

நான் அவளுடைய அக்கா மகள். ஓமலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறாம் வகுப்புப் படிக்க நாமக்கல்லுக்கு அவள் வீட்டுக்கு வந்தேன். அது 1971. அன்று முதல் அவள் சாகும் வரை அவளோடுதான் இருந்தேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வெங்கடாசலம் லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவர். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. அப்புறம் அந்தப் பக்கமே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்ற செய்திதான் வந்தது. "அந்த ஊருல தண்ணி நல்லாக் கெடைச்சிருக்குதாட்டம்" என்று சின்னம்மா சொன்னாள். அவரைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட கடைசி வாக்கியம் அது.

லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் டிரைவர் சீட்டுக்குப் பஞ்சும் நாரும் திணிக்கிற வேலை அவளுக்கு. அங்கேதான் தொழில் கற்றாள். எடப்பாடி டிரைவர் குள்ளம், ராசிபுரத்துக்காரர் தொடை நீளம் என்று ஆளைப் பார்த்துத் திணிப்பாள். லாரி வைத்திருந்தவர்கள் காசு பார்த்து மாடி வீடு கட்டி, தேக்கில் சோபா செய்து போட ஆரம்பித்ததும், "அந்தப் பழனியம்மாளைக் கூப்பிடு" என்றார்கள். அவள் பட்டறையை விட்டுவிட்டு, எங்கள் ஓட்டுவீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள்.

சேலத்துக் கடைகளில் அப்போதெல்லாம் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று என்று ஒரே அளவில் சோபா மெத்தைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். சின்னம்மாவுக்கு அவற்றைக் கண்டால் சிரிப்பு வரும். அவள் சோபாவை அளக்கும் முன் ஆளை அளப்பாள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு உயரம். அதில் மரச்சட்டத்தின் உயரம் போக மிச்சம் மெத்தைக்கு. புதுப் பஞ்சு அமுங்கும் என்பதற்காக இன்னும் ஓர் அங்குலம். மெத்தையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் கால் மரத்துப்போகும். முதுகு மெத்தை தோள்பட்டை எலும்புக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். தலையணை என்றால் தோளுக்கும் கழுத்துக்கும் உள்ள பள்ளம்தான் அதன் உயரம்.

ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் கோபித்துக்கொண்டார். "ஏம்மா, சோபாவை அளக்கச் சொன்னா என் காலை அளக்கறே?"

"சோபா எங்கீங்க உக்காரப் போவுது? நீங்கதான உக்காரப் போறீங்க" என்றாள்.

எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி கேட்பாள். "இந்த ஊட்டுல நெம்ப நேரம் உக்கார்றது ஆருங்க?" எல்லா வீட்டிலும் வீட்டுத்தலைவரைக் காட்டுவார்கள். அவள் பழைய நாற்காலியின் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்கு உரியவருக்குத் தைப்பாள். மருமகளோ வேலைக்குப் போகாத தம்பியோ, யாராக இருந்தாலும் சரி. தாசில்தார் வீட்டில் அது அவர் மனைவியின் பள்ளம். அந்த அம்மாள் பிறகு எங்கள் வீடு தேடி வந்து சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு எழுதத் தெரியாது. அளவுகளை நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள், ஒரு வீட்டுக்கு ஒரு நூல். நான் எட்டாம் வகுப்பு போனதும் டேப்பும் நோட்டும் என் கைக்கு வந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைத்த மெத்தையை உட்கார்ந்து பார்த்துத்தான் சரிபார்க்க முடியும். பெரிய வீடுகளில் நாங்கள் அவர்கள் சோபாவில் உட்கார முடியாது. எங்கள் வீட்டில் வைத்து உட்கார்ந்து பார்த்தாலும் தெரிந்தால் வாங்க மாட்டார்கள். அதனால் மூன்று சாக்குகளில் மணல் நிரப்பி வைத்திருந்தாள். ஆளின் எடைக்குத் தகுந்தபடி மணலைக் கூட்டிக் குறைத்து மெத்தை மேல் தூக்கி வைப்பாள். நான் டேப்பை வைத்து எவ்வளவு இறங்கியது என்று பார்த்து எழுதுவேன். எங்கள் தெருவில் அவளை மூட்டைப் பழனி என்றுகூடச் சொல்வார்கள்.

1981 ஐப்பசியில் தங்கமுத்துக் கவுண்டர் கூப்பிட்டனுப்பினார். நாலு லாரிக்குச் சொந்தக்காரர். மோகனூர் ரோட்டில் அப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தார். மொசைக் தரை, தேக்குச் சோபா, சுவரில் மான் தலை. நான் அந்த வருடம்தான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, தபால்காரரைப் பார்த்துக்கொண்டு, சின்னம்மாவுக்கு டேப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பழனி, லாரி சீட்டாட்டம் ஒசரமா வேணும். உக்காந்தா ஆளு தெரியோணும்" என்றார் கவுண்டர்.

"லாரியில கண்ணாடிக்கு வெளிய ரோடு தெரியோணுமுங்க. இங்க எதைப் பார்க்கறதுக்குங்க அத்தன ஒசரம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உன்ற வாயை அளக்க அந்த டேப்பு பத்தாது."

அவருடைய ஒரே மகள் வள்ளியாத்தாள் உள்ளிருந்து வந்தாள். என் வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே மெலிந்து, மற்றதைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. வலது கையை முழங்கால் மேல் ஊன்றி ஊன்றி நடப்பாள். என்னோடுதான் படித்தாள், பதினோராம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். கல்லூரிக்குப் பேருந்துப் படி ஏறி இறங்க வேண்டுமே என்று அனுப்பவில்லை. என் கல்லூரிப் புத்தகங்களை ஒன்று விடாமல் வாங்கிப் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். ஓரத்தில் பென்சிலில் கேள்விகள் இருக்கும். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது.

"என்ற எடைக்கு எத்தன சட்டி மணலு பழனியக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கு முக்கா மூட்டை போதும் அம்மணி. உங்கப்பாருக்குத்தான் ஆத்துல போய் அள்ளியாரோணும்."

வள்ளியாத்தாள் உட்கார்ந்து காலைக் காட்டினாள். வெட்கப்படவில்லை. நான் குனிந்து அளந்தேன். இடது பதினாறரை, வலது பதினைந்து. நோட்டில் எழுதினேன்.

அளவெடுத்து முடிந்ததும் வீட்டுக்காரம்மாள் முத்தாயம்மாள் எங்களைப் புறக்கடைக்குக் கூப்பிட்டாள். எங்களுக்கென்று மாடத்தில் தனியாக வைத்திருந்த டம்ளர்களில் காபி கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பழனி, நீயும் பொம்பள. சொன்னா உனக்குப் புரியும். நாலு எடம் வந்துச்சு. காபித் தட்டை எடுத்துக்கிட்டு அவ கூடத்துக்கு நடந்து வாரதுக்குள்ள எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கறாங்க. காபி குடிச்சுப்போட்டு 'சொல்லியனுப்பறோம்'னு போயிடறாங்க. எடப்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு எடம் வருது. தறி வெச்சிருக்காங்க. நம்ம ஊருல அவங்களுக்கு ஆரையுந் தெரியாது. இந்தத் தடவ அவ நடக்க வேண்டாம். முன்னாலயே சோபாவுல உக்கார வெச்சுடறோம். படிச்சவங்க ஊட்டுல எல்லாம் இப்ப அப்படித்தானாம். ஆனா உக்காந்தா ஒரு காலு தரையில பாவ மாட்டேங்குது. அது தொங்காம நீதான் பண்ணோணும்."

"சேலை மறைச்சுக்குமுங்களே ஆத்தா."

"பையனோட அத்தைக்காரி எங்க போனாலும் காலத்தான் பார்ப்பாளாம். தரகன் சொல்றான்."

சின்னம்மா காபியை ஆற்றினாள். முத்தாயம்மாள் என் பக்கம் கையைக் காட்டினாள். "உன்ற அக்கா புள்ள படிச்சுப்போட்டுச் சும்மாத்தான இருக்குது? கூட்டுறவு சங்கத்துல ஒரு எடம் காலியாகுதாம். செக்ரட்டரி நம்ம கவுண்டருக்கு வேண்டியவரு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சின்னம்மா என்னைப் பார்த்தாள். நான் டம்ளருக்குள் பார்த்தேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு என்ன பெயர் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"செரிங்க ஆத்தா. பார்க்கறேனுங்க" என்றாள் சின்னம்மா.

பக்கவாட்டுக் கேட்டைத் தாண்டும்போது பூவரசுக்கு அடியில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். எங்களுக்காகவே அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"எங்கம்மா என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும் பழனியக்கா. நீ சமமாத் தெச்சுரு."

"அம்மணி..."

"காலு தொங்குனாத் தொங்கட்டும். சபையில பெரியவங்க முன்னால என்னால வாயத் தொறந்து சொல்ல முடியாது. தொங்கற காலு சொல்லிப்போடும். பார்த்துப்போட்டு சரின்னா சரி. வேண்டாம்னா காபி குடிச்சுட்டுப் போறாங்க, அஞ்சாவது டம்ளரு. எங்கம்மாவுக்குத்தான் அது அவமானம். எனக்குப் பழகிருச்சு."

"செரி சாமி. சமமாவே தெச்சுத் தாரேன்."

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியம்" என்றாள் சின்னம்மா.

ஒரே பகலில், இருபது அடி தூரத்தில், இரண்டு பேருக்கு இரண்டு வாக்கு. வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "மேல பார்த்தா சமமா இருக்கோணும். உக்காந்தா வலது பக்கம் முன்னால மட்டும் ஒண்ணரை அங்குலம் எறங்கோணும். அதுக்குப் பஞ்சு எவ்வளவு கொறைக்கோணும்? நீ கணக்குப் படிச்சவதான?"

நான் கணக்குப் போட்டேன். மூன்று நாள் பிடித்தது. மெத்தைக்குள் கித்தானால் நாலு அறை தடுத்தோம். மூன்று அறைகளில் தேங்காய் நாரை அடித்து இறுக்கினோம். வலது முன்மூலை அறையில் மட்டும் இலவம்பஞ்சைப் பொலபொலவென்று விட்டோம். மேலே சீராக ஒரு பஞ்சுப் போர்வை, அதற்கு மேல் மெரூன் வெல்வெட் உறை. முக்கால் மூட்டை மணலைத் தூக்கி வைப்போம், அளப்போம், பிரிப்போம், ஒரு கைப்பிடி எடுப்போம், மறுபடி தைப்போம். முதல் நாள் முக்கால் அங்குலம் இறங்கியது. இரண்டாம் நாள் இரண்டு அங்குலம். மூன்றாம் நாள் மத்தியானம் டேப் சரியாக ஒன்றரையில் நின்றது. நான் "வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். படித்த கணக்கு ஒரு பொருளுக்கு உதவியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை இங்கே எழுதாமல் மறைத்தால், சின்னம்மாவை மட்டும் குற்றவாளியாக்கிய கதையாகிவிடும்.

சின்னம்மா சந்தோஷப்படவில்லை. மெத்தையின் நாலு மூலையையும் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுந் தெரியல" என்றாள்.

தை மாதம் பெண் பார்க்க வந்தார்கள். மெத்தைகளைப் போட்டுச் சரிசெய்ய ஆள் வேண்டுமென்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் இருந்த கதவின் ஓரத்தில் நாங்கள் நின்றோம். முத்தாயம்மாள் கெட்டிக்காரி. வாசலில் கார் சத்தம் கேட்ட பிறகுதான் மகளைக் கூட்டி வந்தாள். நீளச் சோபாவில் மூன்று மெத்தை. நடுவில் இருந்ததில் உட்கார வைத்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி எட்டாது.

வள்ளியாத்தாள் நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. காலை மறைக்கப் போவதில்லை என்பதற்காகவோ என்னவோ, சேலைக் கொசுவத்தைக்கூட இழுத்துவிடவில்லை. உட்கார்ந்த மறுகணம் வலது பக்கம் மெதுவாக இறங்கியது. மருதாணி வைத்த கால்விரல்கள் மொசைக்கைத் தொட்டன. அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். தன்னுடையது இல்லை என்பது போலப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கதவோரத்தைப் பார்த்தாள். சின்னம்மா என் தோளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வள்ளியாத்தாள் இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தாள். நாங்கள் செய்திருந்த பள்ளம் விடவில்லை. நல்ல கால் இருக்கிறவர்களே அதிலிருந்து ஒரு தடவை முன்னால் சாய்ந்துதான் எழ முடியும். அவள் பாதி எழுந்து மறுபடி உள்ளே விழுந்தாள். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். முத்தாயம்மாள் மகளின் தோளில் கை வைத்து அழுத்தினாள். "உக்காரு சாமி, எந்திரிக்க வேண்டாம். நம்ம சனந்தான்."

பையனின் அத்தை பூரித்துப்போனாள். "மரியாதைக்கு எந்திரிக்கப் பார்க்குது பாருங்க! இந்தக் காலத்துல எந்தப் புள்ள எந்திரிக்குது?"

பையன் பெயர் அர்த்தநாரி. அமைதியான முகம். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "புஸ்தகமெல்லாம் படிப்பீங்களாமே?"

"படிப்பேன்" என்றாள் வள்ளியாத்தாள். மறுபடி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்தைக்காரி குனிந்து பாதங்களைப் பார்த்துத் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் போய் அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா இருந்துச்சு பழனியக்கா உன்ற தையலு. மூட்டையத் தூக்கி வெச்சாப்பலயே இருந்தேன்."

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வள்ளியாத்தாள் அதற்குள் நடந்து போய்விட்டாள்.

அவள் அப்பாவிடம், கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாளாம். தாலி ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கவுண்டர் சொல்லிவிட்டாராம். மாசியில் கல்யாணம். இரண்டு பக்கமும் பெண்கள் அணைத்துக் கூட்டிப் போனார்கள். மெதுவாக நடந்தது கூச்சம் என்றார்கள். சீர் மெத்தையும் தலையணைகளும் சின்னம்மாதான் தைத்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சித்திரையில் எனக்கு வேலை கிடைத்தது. சங்கத்தில் தற்காலிக எழுத்தர். தற்காலிகம் என்றால் எண்பத்தொன்பது நாள். தொண்ணூறாவது நாள் வைத்துக்கொண்டால் சட்டப்படி உரிமை வந்துவிடும் என்று அதற்கு முன்னால் அனுப்பிவிடுவார்கள். ஆடியில் என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கு வேறு யாரோ வேண்டியவர். அந்த எண்பத்தொன்பது நாளும் நான் மெத்தை இல்லாத இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து உர மூட்டைகளின் எண்ணிக்கையை எழுதினேன். அதற்காகத்தான் அத்தனையும்.

ஐப்பசியில் வள்ளியாத்தாள் திரும்பி வந்துவிட்டாள். காலுக்காக அனுப்பினார்கள் என்று ஊரில் பேசினார்கள். அவள் எங்களிடம் சொன்னது வேறு. கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் குதிரை வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை எங்கள் வாசலை மிதித்ததில்லை. சின்னம்மா பதறி எழுந்து, எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றாள். வள்ளியாத்தாள் தையல் மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் தானாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"அடிக்கல, திட்டல" என்றாள். "முதல் நாளே அவரு ஒண்ணு கேட்டாரு. 'முன்னாலயே சொல்லியிருந்தா நானே யோசிச்சிருப்பேன். ஏன் யோசிக்க உடல?'ன்னு. நான் சொல்ல வேண்டாம்னு நெனைக்கலைன்னு சொன்னேன். அவரு நம்பல. அப்பறம் எதைச் சொன்னாலும் நம்பல. கொழம்புல உப்புப் போட்டாச்சான்னு மாமியா கேக்கும். போட்டாச்சுங்கன்னா, 'நெசமாவா?'ன்னு கேக்கும். தலவலின்னு படுத்தா 'நெசமாவா?' ஏழு மாசம். ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு எண்ண ஆரம்பிச்சேன். அப்பறம் பொட்டியக் கட்டிட்டேன்."

சின்னம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளுக்கு அழுகை வராது, மூச்சுத்தான் இரைக்கும்.

வள்ளியாத்தாள் வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஒரு பையை இறக்கச் சொன்னாள். அவர்கள் தோட்டத்து இலவமரத்துப் பஞ்சு, கொட்டை நீக்கியது. மேலே முக்கால் கெஜம் கரும்பச்சைத் துணி.

"தையல் மிஷின் வாங்கியிருக்கேன். அப்பன் சோத்தைச் சும்மா திங்கப் போறதில்ல. இடது காலுல மிதிக்கறேன், வலது காலு நிக்க எடமில்லாம இடுப்பு ஒடியுது. ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தெச்சுக் குடு. சோபாவுக்கில்ல, ஆருக்குங் காட்டறதுக்கில்ல. நான் உக்கார்றதுக்கு."

"தெச்சுத் தாரேன் சாமி. அளவு நோட்டுல இருக்குது."

"அது ஊரை ஏமாத்தறதுக்கு எடுத்த அளவு. புதுசா எடு."

டேப் மிஷின் மேலேயே கிடந்தது. நான் எடுத்து நீட்டினேன். சின்னம்மா வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை நானே ஊட்டுக்கு வந்து, உன்ற ஸ்டூல்ல வெச்சே எடுத்துக்கறேன் அம்மணி" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"சத்தியமா?" என்றாள் வள்ளியாத்தாள். கேட்ட பிறகு அவளே கையை ஆட்டினாள். "வேண்டாம் பழனியக்கா. சத்தியம் வேண்டாம். வந்தாப் போதும்."

அந்த வெள்ளிக்கிழமை சின்னம்மா போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. மோகனூர் ரோட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மற்ற வீடுகளுக்கு முன்னைவிட நன்றாகவே தைத்தாள். 1984 வாக்கில் பஞ்சுக்குப் பதில் ரப்பர் ஃபோம் வந்தது, அதையும் கற்றுக்கொண்டாள். பரமத்தியில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் பதினாலு மெத்தை தைத்தாள். ஆட்டையாம்பட்டியிலிருந்துகூட ஆள் வந்தது. பஞ்சு பற்றாத நாட்களில் அக்கம்பக்கத்தில் கடன் வாங்குவாள். அந்தப் பையை மட்டும் தொட மாட்டாள்.

நான் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "பச்சை நூலு வாங்கோணும்" என்றாள். பச்சை நூல்கண்டு மூன்று பெட்டியிலேயே இருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது கத்தரிக்கோலைத் தரையில் எறிந்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் புள்ள காலு முன்னால போயிக் குந்துவேன்? உனக்காகத்தாண்டி பண்ணுனேன்!"

"நான் கேட்டேனா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து, வேலையைத் தொடர்ந்தாள். நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை நான் அன்று எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை நினைத்தால், அத்தைக்காரி முன்னால் வைத்த மெத்தையைவிட அது ஒன்றும் யோக்கியமானதாகத் தெரியவில்லை.

இருபது வருடப் பஞ்சுத்தூசி அவள் நெஞ்சில் இருந்தது. 1987 கார்த்திகையில் மூச்சிரைப்பு முற்றி, சாய்ந்தும் படுக்க முடியாமல், நான்கு தலையணையை அடுக்கிக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தே இருந்து செத்தாள். அத்தனை தலையணையும் அவள் தைத்தவை, அத்தனையும் யார் யாரோ வேண்டாமென்று திருப்பிய அளவுகள். ஒன்றும் அவள் முதுகுக்குப் பொருந்தவில்லை. புருஷனுக்குத் தந்தி கொடுத்தோம். வரவில்லை.

வள்ளியாத்தாள் வந்தாள். எங்கள் சனங்களோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்காருவதற்கு நேரமானது, எழுவதற்கு அதைவிட நேரமானது. கை கொடுக்கப் போனவர்களைத் தலையசைத்து நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துத் தானே எழுந்தாள். முன்னறை மூலையில் அந்தப் பை இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

இப்போது நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருக்கிறேன். வள்ளியாத்தாள் வீட்டு மாடியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். பலகை ஸ்டூலில்தான் உட்காருகிறாளாம், இடுப்புக்கு ஆஸ்பத்திரியில் பட்டை போட்டிருக்கிறார்களாம். எலி கடித்து இரண்டு தடவை பையை மாற்றினேன். துணி மடிப்பில் வெளுத்துவிட்டது. எனக்கும் தைக்கத் தெரியும். ஒரு பகல் வேலை. அதற்கு முன்னால் அங்கே போய், அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, டேப்பைப் பிடித்து நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

மிஞ்சிப்போனால் பதினைந்து அங்குலச் சதுரம் இருக்கும் ஒரு ஸ்டூல் மெத்தை. சின்னம்மா கொடுக்காமல் விட்டுப்போனது அது ஒன்றுதான். இன்று வரை போய்ச் சேரவில்லை.